முதுகுவலி விசாரித்தவர்களுக்கு

பெரியவனுக்குக் கீழ்முதுகின் ஐந்தாவது எலும்பில் விரிசல். ஸ்பாண்டிலோலைசிஸ் என்கிறார்கள். வேகப்பந்து வீசும் பதின்வயதுப் பையன்களுக்கு அதிகம் வருவதுதான்; வலதுகைக்காரர்களுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். நரம்பில் பாதிப்பில்லை, அதுவே பெரிய நிம்மதி.

இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லையாம். சில மாதம் பந்தைத் தொடக்கூடாது, வலி அடங்கியதும் வயிறு, இடுப்புத் தசைகளுக்கு பிசியோ. பெல்ட் விஷயத்தில் டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறுகிறது; நாங்கள் போடவில்லை. மாதக்கணக்கில் ஓய்வெடுத்தும் தீராவிட்டால்தான் ஸ்குரூ வைக்கும் ஆபரேஷன் பேச்சே. எண்ணெய் போட்டு நீவிவிடச் சொல்லும் சித்தப்பாக்களே, தயவுசெய்து வேண்டாம்!

அவனுக்கு வலியைவிட டீம் வாட்ஸ்அப் குரூப்தான் தாங்கவில்லை. பும்ரா 2023 மார்ச்சில் முதுகு ஆபரேஷன் முடித்து ஆகஸ்டில் ஆட வந்ததைச் சொன்னேன். "அவருக்குப் பப்ளிக் எக்ஸாம் இல்லையேப்பா" என்கிறான்.