கீன்ஸ் வேட்டை: சில நாட்குறிப்புகள்

5 அக்டோபர் 2024, சனி

தென் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு சின்ன ஏல நிறுவனத்தின் பட்டியல் மின்னஞ்சலில் வந்தது. வெள்ளிக் கரண்டிகள், கால் உடைந்த நாற்காலி, யாரோ சேர்த்த தபால்தலைகள். நடுவில் ஒரு வரி: ஜான் மேனார்ட் கீன்ஸ், 'வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகள்', மேக்மில்லன், 1933, முதல் பதிப்பு, ஆசிரியர் கையெழுத்துடன். ஆரம்ப விலை நான் பயந்த அளவுக்கு இல்லை. உறுத்தியதும் அதுதான்.

பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கீன்ஸ் கையெழுத்திட்ட புத்தகம் அவ்வளவு லேசில் சந்தைக்கு வராது. அவருக்குப் பின்வந்த பொருளாதார அறிஞர்கள் கால்பிரெய்த்தும் மில்டன் ஃபிரீட்மனும் 2006 வரை இருந்தார்கள். அவர்கள் கையெழுத்திட்ட பிரதிகளைக் கொஞ்சம் பொறுமையாகத் தேடினால் பிடித்துவிடலாம். கீன்ஸ் 1946-இல், 62 வயதில் போய்விட்டார். மேசை போட்டு உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போடும் வழக்கமும் அப்போது இல்லை. நண்பர்களுக்கும் சக ஆசிரியர்களுக்கும் கொடுத்த பிரதிகள்தான் உண்டு. அவற்றில் பல கல்லூரி நூலகங்களுக்குள் போய்விட்டன, இனி வெளியே வராது.

படம் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன்.

8 அக்டோபர், செவ்வாய்

படம் வந்தது. அட்டையைத் திறந்ததும் வரும் வெற்றுத்தாளில், கறுப்பு மையில், 'கீன்ஸ், கிறிஸ்துமஸ் 1933' என்று ஆங்கிலத்தில். முதலெழுத்து ஒன்றுகூட இல்லை.

இங்கேதான் இடிக்கிறது. அவர் 'லார்டு' பட்டம் பெற்றுப் பிரபு ஆனது 1942-இல். பிரிட்டனில் பிரபுக்கள் பட்டப் பெயரை மட்டும் எழுதிக் கையெழுத்திடுவார்கள். வெறும் 'கீன்ஸ்' என்று அவர் போட ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அதுவரை ஜே. எம். கீன்ஸ். நெருங்கியவர்களுக்கு மேனார்ட், அல்லது ஜே.எம்.கே. 1933 கிறிஸ்துமஸுக்கு அவர் வெறும் திருவாளர். ஒன்பது வருடம் முன்கூட்டியே பிரபுவாகக் கையெழுத்திட்டிருக்க முடியாது.

மோசடி என்று உடனே சொல்லிவிடவும் மனம் வரவில்லை. அந்த வீட்டில் கீன்ஸ்கள் நிறையப் பேர். அப்பா ஜான் நெவில் 1949 வரை இருந்தார், தம்பி ஜெஃப்ரி பெரிய புத்தகப் பிரியர். வேறு எந்தக் கீன்ஸாவது தன் புத்தகம் என்று பெயர் எழுதி வைத்திருக்கலாம். ஆனால் 'ஆசிரியர் கையெழுத்து' என்று போட்டு விற்பது அடுக்காது. விவரமாக எழுதிக் கேட்டேன். 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று ஒற்றை வரியில் பதில். சரி.

12 அக்டோபர், சனி

லண்டனில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த செசில் கோர்ட் தெருவில் அரை நாள். தெரிந்த வியாபாரி ஒருவர் கீன்ஸின் முக்கிய நூலான 'பொதுக் கோட்பாடு' முதல் பதிப்பைக் கையில் கொடுத்தார். வாங்கும் ஆள் இல்லை என்று தெரிந்தும் கொடுக்கிற மனசு அவருக்கு.

1936 பிப்ரவரியில் வந்த புத்தகம். விலை 5 ஷில்லிங். மாணவர்கள் வாங்கட்டும் என்று வேண்டுமென்றே குறைவாக வைத்தது. அது வெளிவருவதற்கு ஒரு வருடம் முன்பே, 1935 புத்தாண்டு அன்று, உலகம் பொருளாதாரத்தைப் பற்றி நினைப்பதையே மாற்றப்போகும் நூலை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று பெர்னார்ட் ஷாவுக்குக் கடிதம் போட்டவர் கீன்ஸ். அடக்கம் அவருடைய குணங்களில் ஒன்றல்ல. இப்போது மேலுறையோடு நல்ல நிலையில் இருக்கும் பிரதிக்கு ஒரு பழைய கார் வாங்கும் பணம் ஆகும். கையெழுத்தும் இருந்தால் பேச்சே வேண்டாம்.

வியாபாரி தலைப்புப் பக்கத்தின் மேல் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தார். வெறும் தாளாகத் தெரிந்த இடத்தில், மையில்லாமல் அழுத்திய முத்திரை மேடு பள்ளமாக எழுந்தது. பதிப்பகம் இலவசமாக அனுப்பிய பிரதி என்று அர்த்தம். ஆசிரியர் தொட்டிருக்கவே வேண்டியதில்லை. 'ஆசிரியரின் அன்பளிப்பு' என்று பதிப்பக குமாஸ்தா எழுதியதை கீன்ஸ் கையெழுத்தாக விற்பவர்களும் இருக்கிறார்களாம்.

அதைவிட வயிற்றெரிச்சலான ஒன்றையும் காட்டினார். கீன்ஸ் 1911 முதல் 1945 வரை 'எகனாமிக் ஜர்னல்' ஆசிரியர். கட்டுரை அனுப்பியவர்களுக்கெல்லாம் கடிதம் போனது. அதனால் அவர் கையெழுத்திட்ட தட்டச்சுக் கடிதங்கள் புத்தகங்களைவிடச் சுலபமாகக் கிடைக்கின்றன. அப்படி ஒரு கடிதத்தின் அடிப்பகுதியைக் கத்தரித்து, புத்தகத்தின் முன்தாளில் ஒட்டி வைத்திருந்தது. கடிதத்தில் என்ன எழுதியிருந்தார், யாருக்கு எழுதினார், எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும். கடிதத்தை முழுதாகப் புத்தகத்துக்குள் செருகி விற்பதையே 'கையெழுத்துப் பிரதி' என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் வெட்டுகிறவனுக்குக் கை கூசவில்லையே.

20 அக்டோபர், ஞாயிறு

மழை. சஸெக்ஸில் இருக்கும் சார்ல்ஸ்டன் பண்ணை வீட்டுக்குப் போகும் திட்டம் தள்ளிப்போயிற்று. 1919 கோடையில் 'சமாதானத்தின் பொருளாதார விளைவுகள்' எழுதியது அந்த வீட்டில்தான். அச்சுச் செலவையும் நஷ்டத்தையும் கீன்ஸே ஏற்றுக்கொண்டார். மேக்மில்லனுக்கு 10 சதவீதம் கழிவு மட்டும். புத்தகம் பறந்தது, லாபம் அவருக்கு. தலைப்புப் பக்கத்தில் 1919 என்று இருந்தால்தான் லண்டன் முதல் பதிப்பு. 1920 என்றிருக்கும் அமெரிக்கப் பிரதிகள் மலிவு.

31 அக்டோபர், தீபாவளி

கோவைக்குப் பேசினேன். தம்பி வழக்கம்போல ஆரம்பித்தான்: "ஏக்கா, பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல கிடைக்கறதுக்கா இத்தனை பவுண்டு?" அவனுக்கு ஒரு கதை சொன்னேன். 1944 ஜூலையில், போருக்குப் பிந்தைய உலக நிதி ஏற்பாடுகளைப் பேச அமெரிக்காவில் கூடிய பிரெட்டன் உட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் நம்மூர் ஆர். கே. சண்முகம் செட்டியார் இருந்தார். பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைவர் கீன்ஸ். மூன்று வாரம் ஒரே ஹோட்டல். சண்முகம் செட்டியாருக்கு என்று கீன்ஸ் எழுதிக் கொடுத்த ஒரு பிரதி எங்காவது இருந்தால் வீட்டை அடகு வைத்தாவது வாங்குவேன் என்றேன். இருப்பதாக எந்த ஆதாரமும் இல்லை, என் பகல் கனவு. "நீ அடகு வைக்கற வீடு மாமா பேர்ல இருக்குதுக்கா" என்றான்.

எனக்கு வெறும் கையெழுத்தில் ருசி இல்லை. யாருக்கு, எப்போது, எதற்காகக் கொடுத்தார் என்று தெரிந்தால்தான் அந்த மைக்கு உயிர்.

4 நவம்பர், திங்கள்

ஏலம் முடிந்தது. 'கீன்ஸ், கிறிஸ்துமஸ் 1933' மதிப்பீட்டைப் போலப் பல மடங்குக்குப் போயிற்று. யாரோ இருவர் முட்டி மோதியிருக்கிறார்கள். வாங்கியவருக்கு என்றைக்காவது விற்கத் தோன்றும், அப்போது ஒரு விவரமான வியாபாரி 1942 என்ற எண்ணைச் சொல்வார். பாவம்தான். ஆனால் அலமாரியில் வைத்து மகிழ்ந்துகொண்டே இருப்பவருக்கு அது என்றும் உண்மைக் கையெழுத்துதான்.

9 நவம்பர், சனி

கேம்பிரிட்ஜ். கீன்ஸே பெரிய சேகரிப்பாளர் என்பது பலருக்குத் தெரியாது. 'பொதுக் கோட்பாடு' வந்த அதே 1936-இல், ஜூலையில், நியூட்டனின் கையெழுத்துக் காகிதங்கள் சோத்பீஸ் ஏலத்துக்கு வந்தன. 300-க்கும் மேற்பட்ட கட்டுகள், எல்லாம் சேர்த்தே 9,000 பவுண்டுக்குச் சற்று மேல்தான் போயின. சிதறிப் போகிறதே என்று கீன்ஸ் ஏலத்தில் கொஞ்சம், அப்புறம் வியாபாரிகளிடம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தார். பெரும்பாலும் ரசவாதக் குறிப்புகள். அவற்றைப் படித்துத்தான் நியூட்டனைக் கடைசி மந்திரவாதி என்று எழுதினார். இப்போது எல்லாம் கிங்ஸ் கல்லூரியில். அவரும் கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஸ்ராஃபாவும் சேர்ந்து, ஆடம் ஸ்மித் எழுதியதாக நம்பப்பட்ட ஒரு 1740 சிறு பிரசுரத்தை தத்துவவாதி டேவிட் ஹியூமே எழுதியது என்று நிறுவி 1938-இல் மறுபதிப்புப் போட்டார்கள். வாங்கினால் படிக்கிற சாதி.

திரும்பும் வழியில் ஒரு கடையில் 'இந்திய நாணயமும் நிதியும்', 1913. அவருடைய முதல் புத்தகம். லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இந்தியா அலுவலகத்தில் 1906 முதல் 1908 வரை வேலை பார்த்தவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. கையெழுத்து இல்லை, முதுகு வெளிறியிருந்தது, ஓரங்களில் பழுப்புப் புள்ளிகள். ஆனால் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று வரும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் நுணுக்கி நுணுக்கிக் கணக்கு: பவுண்டுக்கு 15 ரூபாய் வீதம் ஏதோ மாதத் தொகையை மாற்றிப் பார்த்திருக்கிறார் யாரோ. கூட்டலில் ஒரு இடத்தில் அடித்துத் திருத்தியிருக்கிறார். கடைக்காரர் பென்சில் கறைக்காக விலையைக் குறைத்தார். நான் அதற்காகவே வாங்கினேன்.

16 நவம்பர், சனி

அடுத்து 'திரு. சர்ச்சிலின் பொருளாதார விளைவுகள்', 1925. லெனார்ட், வர்ஜீனியா உல்ஃப் தம்பதியின் ஹோகார்த் பிரஸ் போட்ட மெல்லிய பிரசுரம். தாள் அட்டை என்பதால் கிழியாமல் கிடைப்பது கஷ்டம். வியாழக்கிழமை ஏலத்தில் ஒன்று வருகிறது, கையெழுத்து எதுவும் இல்லை என்று பட்டியலே நேர்மையாகச் சொல்கிறது. உச்ச விலையை ஒரு சீட்டில் எழுதிக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கு மேல் கை தூக்கினால் மடிக்கணினியை மூடிவிடும் பொறுப்பு அவருடையது.