இல்லாத 2 ஹெர்ட்ஸ் அதிர்வு

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து டேனரிகளில் தோல் டிரம் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று வேகத்தில் சுழல்கிறது என்று வையுங்கள். அது 0.17 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 0.17 சுற்று. நொடிக்கு 50 ரீடிங் தாராளம் என்று நினைத்து, டிரம்மின் ஸ்டாண்டில் எம்பியூ-6050 என்ற அசைவு சென்சார் ஒன்றை ஒட்டி, 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை படித்தால், கிராஃபில் 2 ஹெர்ட்ஸில் தெளிவாக ஓர் அலை வரும். கியரையும் பேரிங்கையும் கழற்றிப் பார்த்தாலும் காரணம் அகப்படாது. அப்படி ஓர் அதிர்வே அங்கே கிடையாது.

பக்கத்தில் ஓடும் பம்ப் மோட்டார்தான் காரணம். 2880 ஆர்பிஎம் என்றால் 48 ஹெர்ட்ஸ். நொடிக்கு 50 ரீடிங் எடுக்கும்போது அதில் பாதியான 25 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதெல்லாம் மடங்கி, மெதுவான போலி அலையாகக் கீழே வந்து விழும். 50-லிருந்து 48 போக மிச்சம் 2. மோட்டாரின் 100 ஹெர்ட்ஸ் மின்காந்த அதிர்வு இன்னும் மோசம். அது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் மடங்கி, ஸ்டாண்டே மெல்லச் சாய்வது போலக் காட்டும்.

ஆகவே நாம் அளக்க விரும்பும் அசைவு எவ்வளவு மெதுவானது என்பதை மட்டும் வைத்து ரேட்டை முடிவு செய்யக் கூடாது. சென்சாருக்கு வந்து சேரும் அதிர்வுகளில் எது வேகமானது என்று முதலில் பாருங்கள். மடங்கிய பிறகு சாஃப்ட்வேரில் சராசரி எடுத்துப் பயனில்லை. அந்த 2 ஹெர்ட்ஸ் நிஜமா போலியா என்று டேட்டாவில் அடையாளமே இருக்காது.

எம்பியூ-6050-இல் வேகமான அதிர்வுகளைக் குறைக்கும் ஃபில்டர் உண்டு, அதன் அமைப்பு தொடக்கத்தில் 0. அது 260 ஹெர்ட்ஸ் வரை உள்ளே விட்டுவிடும். 50 ரீடிங்தான் வேண்டும் என்றால் அமைப்பை 5 ஆக்குங்கள், அதாவது 10 ஹெர்ட்ஸ். 4-ஆவது அமைப்பின் 21 ஹெர்ட்ஸ் போதும் போலத் தெரியும். ஆனால் ஃபில்டர் சுவர் போல நிறுத்தாது, சரிவாகத்தான் குறைக்கும், 48 கசிந்து வரும். 5-இல் சுமார் 14 மில்லிசெகண்ட் தாமதம் உண்டு. டிரம்முக்கு அது பொருட்டல்ல, பேலன்ஸ் செய்யும் ரோபோவுக்குப் பெரிய விஷயம். என் விருப்பம் டிவைடர் 4, ஃபில்டர் 3. ஃபில்டர் 1 முதல் 6 வரை இருந்தால், 1000-ஐ டிவைடரோடு ஒன்று கூட்டி வகுத்தால் வருவதுதான் நொடிக்கான ரீடிங். அதில் 200 ரீடிங் வரும், 48-ம் கொஞ்சம் தேய்ந்தாலும் தன் சொந்த இடத்திலேயே தெரியும்.

புரோகிராமில் 20 மில்லிசெகண்ட் காத்திருக்க டிலே 20 என்று எழுதினால் 50 ஹெர்ட்ஸ் வராது. படிக்கும் நேரம் அதோடு சேரும். சீரியல் வழியாகக் கணினிக்கு 9600 பாட் வேகத்தில் இருபது எழுத்து அனுப்பவே 20 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். புது ரீடிங் தயார் என்று சொல்லும் சென்சாரின் இன்டரப்ட் பின்னைப் பயன்படுத்துங்கள், சீரியலை 115200-இல் வையுங்கள்.

சந்தேகம் வந்தால், ஃபில்டர் 0-இல் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அதைத் தொடாமல் டிவைடரை மட்டும் 19-லிருந்து 18 ஆக்குங்கள். ரேட் 50-லிருந்து 52.6 ஆகும். நிஜமான 2 ஹெர்ட்ஸ் அசையாமல் நிற்கும், போலியானது 4.6-க்குத் தாவும்.