திறக்கத் தேவை வராது என்று சொன்னது

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் ஒரு விடுதிக்கு, வாடகைக்கு விடுகிற ஃபேட் பைக்குகளுக்கு, அதாவது மணலில் ஓடத் தடித்த ரயர் போட்ட சைக்கிள்களுக்கு, என்ன ஹப் (சில்லின் நடுக்குடம்), என்ன பொட்டம் பிராக்கெட் (மிதி அச்சு சுழல்கிற பகுதி) போடுவது என்று தெரிவு செய்து கொடுத்தவன் நான். அந்தத் தெரிவில் எனக்கு இன்றைக்கும் குறை தெரியவில்லை. மனதில் உறுத்திக்கொண்டு கிடப்பது அன்று முகாமையாளருக்கு முன்னால் நான் விட்ட ஒரு வசனம்.

பக்கத்தில் பழைய சைக்கிள்காரர் ஐயாவும் நின்றார். நாங்கள் எல்லாம் பள்ளிக்கூடக் காலத்தில் சில்லு நெளிவெடுக்க அவரிடம் போனவர்கள்தான். அவர் சொன்னார், "குண்டும் கோனும் போட்ட ஹப்பா எடுங்கோ தம்பி. பழுதானா நான் திறந்து பாப்பன்." தனித்தனிக் குண்டுகளும் அவற்றை அழுத்திப் பிடிக்கிற கூம்பும் வைத்த பழைய வகையைத்தான் சொன்னார். நான் சொன்னேன், "ஐயா, நான் எடுக்கிறதைத் திறக்கவே தேவை வராது." முகாமையாளர் சிரித்தார். ஓடர் போய்விட்டது.

நான் சும்மா சொல்லவில்லை. மலிவான ஃபேட் பைக்குகளில் பின் ஹப்பின் மேல் ஃப்ரீவீலை, அதாவது பின் பல்லுச்சக்கரத்தை, திருகிப் பூட்டியிருப்பார்கள். அப்படிப் பூட்டினால் வலப்பக்கப் பெயரிங் ஃப்ரீவீலுக்கு உள்பக்கம் ஒதுங்கிவிடும். பிரேமில் அச்சைப் பிடிக்கிற இடத்துக்கும் அந்தப் பெயரிங்குக்கும் நடுவில் அச்சுக்கு ஒரு தாங்கலும் இல்லை. நிலாவெளி மணலில் ரயருக்கு ஏழு எட்டு பிஎஸ்ஐ காற்றை மட்டும் விட்டு, ஆகச் சின்ன கியரில் ஒரு பெரிய உடம்புக்காரர் எழும்பி நின்று மிதித்தால் அச்சு வளையத்தான் செய்யும், பிறகு ஒருநாள் முறியும். பல்லுத்தட்டுகளின் அடுக்கான கசெட்டைப் பூட்டுகிற ஃப்ரீஹப்பில், அதாவது சுழல்கிற பகுதி ஹப்போடேயே சேர்ந்து வருகிற வகையில், வலப்பக்கப் பெயரிங் வெளியோரத்துக்கு வந்துவிடுவதால் இந்தக் கரைச்சல் இல்லை. அதனால் 197 மில்லிமீற்றர் அகலத்தில் பிரேமை ஊடுருவிப் போகிற 12 மில்லிமீற்றர் த்ரூ அச்சு பூட்டுகிற பின் ஹப், முன்னுக்கு 150 மில்லிமீற்றர், இரண்டு ஹப்பிலும் இரண்டு பக்கமும் மூடின பெயரிங் என்று எழுதினேன். ஃப்ரீஹப் உடல் இரும்பில்தான் வேண்டும் என்று அடித்துச் சொன்னேன், அலுமினியத்தில் கசெட்டின் பல்லுத்தட்டுகள் கடித்து இறங்கிவிடும், பிறகு கழற்றுவதற்குச் சுத்தியல் எடுக்க வேண்டும். கொஞ்சம் பாரம் கூடும்தான். கடற்கரையில் படம் எடுத்துக்கொண்டு ஓடுகிற ஆளுக்குப் பாரம் ஒரு கணக்கா?

இவ்வளவும் சரி. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.

ஆனால் "திறக்கத் தேவை வராது" என்பதை முகாமையாளர் எப்படி விளங்கிக்கொண்டார் என்பதை நான் சீசன் பாதியில்தான் கண்டேன். பெடியன்கள் பைக்குகளை வரிசையாக நிறுத்தி, கடலுக்குள் இறங்கி வந்த பைக்குகளுக்கு பிரஷர் வொஷரை நேரே ஹப்பின் ஓரத்தில் பிடித்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மணல் போகவேண்டுமே என்று நல்ல எண்ணத்தோடுதான். மூடின பெயரிங் என்றால் இரண்டு பக்கமும் மெல்லிய ரப்பர் வளையம், அவ்வளவுதான். தூசியைத் தடுக்கும், மழைத் தண்ணீரைத் தடுக்கும், அந்த வேகத்தில் அடிக்கிற தண்ணீரைத் தடுக்காது. அதோடு வெயிலில் காய்ந்த ஹப்பைக் கடல் தண்ணீருக்குள் விட்டால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி, ரப்பர் ஓரத்தால் உப்புத் தண்ணீரை உள்ளுக்கு இழுக்கும். அடிக்கடி சுரண்டல் சத்தம் கேட்ட ஒரு சில்லைக் கழற்றி, பிளேட் முனையால் அந்த ரப்பரை நெம்பி எடுத்தேன். உள்ளே கிறீஸ் இல்லை. செங்கல் நிறத்தில் ஒரு சேறு, ஓரத்தில் வெள்ளையாக உப்பு. 6902 என்று எண் போட்ட பெயரிங், விரலால் சுற்றினால் சுற்றி, நின்று, சுற்றி, நின்று போனது.

சரி, என்ன கெட்டது? பெயரிங் மட்டும்தானே. அச்சு நேராக இருந்தது, ஃப்ரீஹப்பில் ஒரு கீறல் கிடையாது. எண்ணைச் சொன்னால் மோட்டார்ச் சாமான் கடைக்காரரும் எடுத்துத் தருகிற பெயரிங் அது, தட்டி எடுத்துவிட்டுப் புதிதை இறுக்கினேன், ஹப் பழையபடி. இதே அலட்சியம் குண்டும் கோனும் போட்ட ஹப்புக்கு நடந்திருந்தால் கோனை மாற்றலாம், ஹப்புக்குள்ளேயே அமைந்திருக்கிற கப்பில் குழி விழுந்தால் அநேகமாக ஹப்பையே எறியவேண்டியதுதான், கம்பி எல்லாம் கழற்றிப் புதிதாகப் பின்னவேண்டும். அப்படிப் பார்த்தால் நான் சொன்னது பொய்யில்லை என்றுகூட வாதாடலாம். பலமுறை எனக்குள் வாதாடியும் இருக்கிறேன்.

ஆனால் அந்த ஹப்பாக இருந்திருந்தால் இதே அலட்சியம் நடந்திருக்குமா? மாதம் ஒருக்கா ஐயா வந்திருப்பார். கோனைத் தளர்த்தி, குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிறீஸ் வைத்து மூடிவிட்டு, பெடியன்களுக்கு இரண்டு பேச்சும் பேசிவிட்டுப் போயிருப்பார். பிரஷர் வொஷரைக் கண்டால் அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஹப்பில் பலவீனம் இருந்தது, அதனால் ஒரு ஆள் வரவேண்டியிருந்தது. நான் பலவீனத்தை எடுத்தேன், ஆளும் போய்விட்டார். இந்தக் கணக்கை விலைப்பட்டியலில் எந்த நிரலில் போடுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விடுதிக்கு அவர் மாதச் செலவு, எனக்கு அவர் ஒரு காலத்தில் குருமாதிரி, அவருக்கு அந்த விடுதி எவ்வளவு வருமானம் என்று நான் கேட்டதும் இல்லை.

பிறகு நான் ஒரு தாள் எழுதி ஒட்டினேன்: கடலுக்குள் விடவேண்டாம், விட்டால் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்று, பிரஷர் வேண்டாம். மீன்பிடிப் படகுகளின் அவுட்போர்டு எஞ்சினுக்கு வைக்கிற உப்புத்தண்ணீர் கிறீஸ் வாங்கிவந்து, எல்லாப் பெயரிங்குக்கும் ரப்பரை நெம்பி நிரப்பினேன். துருப்பிடிக்காத எஃகுப் பெயரிங் போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், அந்த எஃகு கொஞ்சம் மென்மை, பாரம் தாங்குவது குறைவு, ஆனாலும் இந்த இடத்தில் துருதான் முதலில் கொல்லும் என்பதால் அடுத்த முறை முன் சில்லுக்கு அதையே எழுதியிருக்கிறேன். முகாமையாளர் பட்டியலைப் பார்த்து, "திறக்கத் தேவையில்லை எண்டுதானே சொன்னீங்க, பிறகேன் கிறீஸ் டின்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் தொழில்நுட்பமாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஐயாவின் பேச்சை நான் கேட்காமலும் இல்லை. பொட்டம் பிராக்கெட்டுக்குப் பழைய சதுர முனை வகையே போதும் என்றார் அவர், அதில் அவர் பக்கம்தான் நின்றேன். 100 மில்லிமீற்றர் அகலமான மரை போட்ட ஷெல் (பிரேமின் அடிக்குழாய்), அதற்குள் சதுர முனை அச்சோடு முழுதாக வருகிற மூடின யூனிட். பெயரிங்கை வெளியே தள்ளி வைக்கிற 24 மில்லிமீற்றர் அச்சு வகை விறைப்பானது, நல்லது, ஆனால் மணல் நேரே போய் முட்டுகிற இடத்தில் பெயரிங் நிற்கிறது. அழுத்திச் செருகுகிற வகையை நான் யோசிக்கவே இல்லை, அதற்குள் மணல் புகுந்தால் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடும். சதுர முனையில் பெயரிங் ஷெல்லுக்குள் பதுங்கியிருக்கும், செத்தால் முழுதாக எடுத்து எறிந்துவிட்டு வேறொன்று போடலாம், வலப்பக்க மரை எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. அலுமினியமும் இரும்பும் உப்பில் ஒட்டிக்கொள்ளாதபடி மரைக்குப் பசை பூசித்தான் பூட்டினேன், ஷெல்லின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளையும் போட்டேன். அவற்றில் இதுவரை ஒன்றும் என்னிடம் திரும்பி வரவில்லை.

இதை ஐயாவைச் சந்தையடியில் கண்டபோது சொன்னேன், உங்களுடைய பேச்சைக் கேட்டுத்தான் அதை எடுத்தேன் என்று. அவர் மரக்கறிப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "அது மலிவு எண்டுதானே எடுத்தனீங்கள் தம்பி" என்றார். விலைப்பட்டியலில் அதுதான் ஆகக் குறைந்த விலை, அதுவும் உண்மைதான்.