மூன்று மாடல், மூன்று பட்டை, ஒரே வரைபடம்

மார்ச் 3, திங்கள்

மூன்று கணிப்பு மாடல்களின் பட்டைகளை, அதாவது உண்மை எண் எந்தக் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவில் விழும் என்று மாடல் சொல்கிறதோ அதை, ஒரே வரைபடத்தில் ஒப்பிட வேண்டும். அதற்குப் பழைய விமானப் பயணிகள் தரவையே எடுத்துக்கொண்டேன். 1949 ஜனவரி முதல் 1960 டிசம்பர் வரை 144 மாதங்கள். புள்ளியியலாளர்கள் பாக்ஸும் ஜென்கின்ஸும் பயன்படுத்தி, அப்புறம் ஊரே புழங்கித் தேய்ந்த தரவு. ஆனாலும் இந்த வேலைக்குத் தோதானது. 1958 டிசம்பரோடு வெட்டிவிட்டு மிச்சத்தைக் கணிக்கச் சொல்கிறேன். வெட்டும் இடத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன்: 1958இல் பயணிகள் முந்தைய ஆண்டைவிட 3.4 சதவீதம்தான் கூடினார்கள், 1959இலோ 12.4 சதவீதம். வளர்ச்சி ஓய்ந்துவிட்டதா, மூச்சு வாங்குகிறதா என்று அந்த இடத்தில் நிற்கும் எந்த மாடலுக்கும் தெரியாது. மாடல்கள் முட்டிக்கொள்ள நல்ல இடம்.

மார்ச் 4, செவ்வாய்

அரிமா (ARIMA), ஈடிஎஸ் (ETS), ப்ராஃபெட் (Prophet) என்ற மூன்று கணிப்பு மாடல்களையும் ஓட்டியாயிற்று. வரைவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று: பட்டைகள் ஒரே அளவுகோலில் இருக்கின்றனவா? ப்ராஃபெட் சொல்லாமலே தருவது 80 சதவீதப் பட்டை, அதாவது உண்மை உள்ளே விழ 80 சதவீத வாய்ப்பு என்று மாடல் சொல்லும் பட்டை. பைத்தானில் ஸ்டேட்ஸ்மாடல்ஸ் என்ற நிரல் தொகுப்பு அரிமாவுக்குத் தருவது 95. இயல்நிலைப் பரவலில் ஒன்று நடுவிலிருந்து திட்டவிலக்கத்தின் 1.28 மடங்கு, மற்றது 1.96 மடங்கு. அப்படியே மேலே மேலே போட்டால், ஒரே அளவு சந்தேகம் உள்ள இரண்டு மாடல்களில் ஒன்று மட்டும் ஒன்றரை மடங்கு பயந்தாங்கொள்ளியாகத் தெரியும். எல்லாவற்றையும் 80க்குக் கொண்டுவந்தேன்.

லாக் (மடக்கை) விஷயமும் உண்டு. லாக்கில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் 0.1 விலகல் என்றால், 600ஐச் சுற்றி அது கீழே 543, மேலே 663. மேல்பக்கம் கொஞ்சம் நீளம். ஒரு மாடலை லாக்கிலும் இன்னொன்றை நேர் எண்ணிலும் பொருத்திவிட்டு, பட்டையின் உருவம் ஏன் வேறுபடுகிறது என்று தேடக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

வரைந்தேன். பட்டைகளை நிரப்பும் சாயத்தை 0.2 ஆல்ஃபாவுக்கு (வண்ணத்தின் அடர்த்தி அளவு) மெலிதாக்கியும் மூன்றும் சேரும் இடம் கருத்துப்போய், 'இங்கேதான் உண்மை இருக்கிறது' என்று கை காட்டுகிறது. அது வெறும் சாயக் கலவை. இரண்டு 80 சதவீதப் பட்டைகள் சேரும் பகுதிக்கு இத்தனை சதவீதம் என்று தனியாக எதுவும் கிடையாது. மூன்று மாடலும் பார்த்தது ஒரே 120 மாதங்களை. ஒரே செய்தித்தாளைப் படித்த மூன்று பேர் ஒரே சேதியைச் சொன்னால் அது மூன்று சாட்சி ஆகாது.

நிரப்புவதை விட்டுவிட்டு ஓரக்கோடுகளை மட்டும் வைத்தேன். இரண்டு மாடலுக்குப் பரவாயில்லை, மூன்றுக்கு நூல்சிக்கல். கடைசியில் 1959 மார்ச், ஆகஸ்ட், டிசம்பர் என்று சில மாதங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் மூன்று செங்குத்துக் கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். அழகில்லை, ஆனால் படிக்க முடிகிறது.

மார்ச் 7, வெள்ளி

ப்ராஃபெட்டின் போக்குக் கோட்டை நோண்டினேன். போக்கு மாறும் புள்ளிகளை அது வரலாற்றின் முதல் 80 சதவீதத்துக்குள்தான் தேடும், நாம் மாற்றாத வரை. 120 மாதத்தில் அது 96. அதாவது 1956 முடிய. 1958இன் தொய்வுக்கென்று ஒரு வளைவை அதனால் போடவே முடியாது. போக்கைத் தணிக்கும் ஈடிஎஸ்ஸோ கடைசி மாதங்களுக்குக் கூடுதல் காது கொடுக்கும். ஆக, நடுக்கோடுகள் பிரிவதற்குக் காரணம் தரவின் குழப்பம் மட்டுமல்ல, ஒவ்வொன்றும் எதை நம்பலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருப்பதும்தான்.

பட்டைகளும் அப்படியே. அரிமா தன் கெழுக்களைத் துல்லியமாகத் தெரிந்தவை போல வைத்துக்கொள்கிறது. ப்ராஃபெட் போக்கையும் இரைச்சலையும் கணக்கில் எடுக்கிறது. பருவகால அலையின் நிச்சயமின்மையை, முழு மாதிரியெடுப்பைக் கேட்டாலொழிய, சேர்ப்பதில்லை. பட்டையின் அகலத்தை மட்டும் பார்த்து 'இது தைரியமான மாடல்' என்று சொல்ல எனக்கு இனி மனம் வராது.

மார்ச் 10, திங்கள்

பட்டைகளை மதிப்பிடும் வின்க்லர் மதிப்பெண் போடுகிறேன். கணக்கு எளிது: பட்டையின் அகலம், அதோடு உண்மை வெளியே விழுந்தால், எவ்வளவு தள்ளி விழுந்ததோ அதன் 10 மடங்கு அபராதம். இது 80 சதவீதத்துக்கு. 95 என்றால் 40 மடங்கு. குறைவாக வாங்குவது நல்லது. அகலமாக விரித்துத் தப்பிக்கவும் முடியாது, ஒல்லியாக நின்று பெருமை பேசவும் முடியாது.

ஆனால் ஒரே வெட்டில் வரும் 24 மாதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு போகும். முதல் மாதம் தவறினால் அடுத்தவையும் தவற வாய்ப்பு அதிகம். அதனால் வெட்டும் இடத்தை 1955இலிருந்து மாதம் மாதமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மூன்றையும் புதிதாகப் பொருத்த விட்டிருக்கிறேன். ப்ராஃபெட்தான் இழுக்கிறது, இரவு முழுக்க ஓடட்டும்.