1984-இன் பதினைந்து முதலிடங்கள்: ஒரு வருட நாட்குறிப்பு

ஜனவரி 7, 2024, ஞாயிறு. ஷெஃபீல்டு

இந்த வருடம் ஒரு வேலை வைத்துக்கொண்டிருக்கிறேன். 1984-ஆம் ஆண்டு பிரிட்டனில் பதினைந்து பாட்டுகள் முதலிடத்தைப் பிடித்தன. பதினைந்தையும் 7 அங்குல இசைத்தட்டாகவே வாங்கி, ஒவ்வொன்றையும் அது முதலிடத்தில் இருந்த அதே வாரத்தில் கேட்கப்போகிறேன். பன்னிரண்டு கிடைத்துவிட்டன. பெரும்பாலும் சாரிட்டி கடைகளில், ஒன்று ஐம்பது பென்ஸ், ஒரு பவுண்டு என்று.

முதல் தட்டு, 1983 கிறிஸ்துமஸிலிருந்து அப்படியே தொடர்ந்து வந்தது. ஃப்ளையிங் பிக்கெட்ஸ் குழுவின் 'ஒன்லி யூ'. வாத்தியமே கிடையாது, ஆறு ஆண்கள் வாயாலேயே எல்லாவற்றையும் செய்கிறார்கள். ஒரு வேலைநிறுத்தத்துக்குத் துணையாக ஊர்விட்டு ஊர் போய் மறியல் செய்யும் தொழிலாளர்களைத்தான் இங்கே ஃப்ளையிங் பிக்கெட் என்பார்கள். நாடகக்காரர்களான இவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு முதலிடத்தில் உட்கார்ந்திருந்தபோது, இரண்டே மாதத்தில் நாடு முழுக்க அந்தச் சொல் ஒலிக்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி 28, ஞாயிறு

நடுவில் இரண்டு வாரம் பால் மெக்கார்ட்னியின் 'பைப்ஸ் ஆஃப் பீஸ்'. 1914 கிறிஸ்துமஸில் பதுங்குகுழிகளை விட்டு வெளியே வந்து கைகுலுக்கிய சிப்பாய்களை வைத்து எடுத்த வீடியோதான் அதைத் தூக்கிவிட்டது. பாட்டு எனக்கு மனதில் நிற்கவில்லை.

இந்த வாரம் 'ரிலாக்ஸ்'. லிவர்பூலின் ஃப்ராங்கி கோஸ் டு ஹாலிவுட். 1983 நவம்பரில் பட்டியலின் அடியில் நுழைந்து மெதுவாக ஏறி வந்த பாட்டு இது. ஜனவரி 11 அன்று பிபிசியின் ரேடியோ 1 அறிவிப்பாளர் மைக் ரீட், வரிகள் ஆபாசமாக இருக்கின்றன, இனி இதைப் போடமாட்டேன் என்று சொன்னார். பிபிசியும் தடை போட்டது. அப்புறம் ஐந்து வாரம் முதலிடம். வியாழக்கிழமை 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் முதலிடப் பாட்டைத்தான் கடைசியாகப் போடுவார்கள். அந்த ஐந்து வாரமும் நாட்டின் முதல் பாட்டை நாட்டின் பெரிய பாட்டு நிகழ்ச்சியில் போட முடியவில்லை.

தடைதான் இதை விற்றது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்ன் அதில் கட்டியிருக்கும் அந்த அடி, ஊசி வைத்த கணத்திலேயே நெஞ்சில் இறங்குகிறது. இந்தச் சின்ன ஸ்பீக்கரிலேயே தரை அதிர்ந்தது.

மார்ச் 5, செவ்வாய்

எதிர்வீட்டு அம்மா பார்சல் ஒன்றைக் கொடுக்க வந்தவர், மேஜையில் கிடந்த நேனாவின் '99 ரெட் பலூன்ஸ்' தட்டைப் பார்த்துவிட்டு நின்றார். "இதை எத்தனை தடவை மெஷினில் தட்டியிருப்பேன் தெரியுமா கண்ணு?" என்றார்.

அப்போது அவருக்குப் பதினேழு வயது. பார்ன்ஸ்லி பக்கத்தில் சுரங்கத் தொழிலாளர் ஊர் அவருடையது. சனிக்கிழமைகளில் டவுனில் ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை. பட்டியலுக்குக் கணக்குக் கொடுக்கும் கடைகளில் அதுவும் ஒன்று. முன்பெல்லாம் கடைக்காரர்கள் விற்றதை நோட்டில் கையால் எழுதி அனுப்புவார்களாம். 1983 ஜனவரியில் கேலப் நிறுவனம் கணக்கெடுப்பை ஏற்றதும் கடைகளில் சின்ன கணினிப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் அதன் முதுகில் இருக்கும் எண்ணை விரலால் தட்டவேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் ரேடியோ 1-இல் புதுப் பட்டியல் வரும். ஞாயிறு மாலை முழு நாற்பதும். செவ்வாய் மதியம் தெரிந்துவிட்டாலும் ஞாயிறு மாலை கேசட்டில் பதிவுசெய்ய எல்லோரும் உட்கார்ந்துவிடுவார்களாம்.

இந்தக் காலத்துக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தேன். இப்போது ஒரு பாட்டை இணையத்தில் இலவசமாக 600 முறை ஓடவிட்டால் ஒரு விற்பனை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அன்று ஒருவர் பஸ் பிடித்துக் கடைக்கு வந்து, ஒரு பவுண்டுக்கு மேல் எண்ணிக் கொடுத்தால்தான் ஒன்று. அதனால்தான் அந்த வருடத்துப் பட்டியலை நான் ஒரு கணக்குப் புத்தகத்தைப் படிப்பதுபோலப் படிக்கிறேன். அந்த வாரம் அந்த நாட்டு மனிதர்கள் தங்கள் கைக்காசை எதற்குக் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கிறது.

நேனாவின் பாட்டு மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. மேற்கு பெர்லினில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரியில் வானத்தில் விட்ட பலூன்களைப் பார்த்தபோது கிதார் கலைஞர் கார்லோ கார்கஸுக்குத் தோன்றிய கதை. எல்லைக்கு மேலே மிதக்கும் பலூன்களை எதிரி என்று நினைத்துப் போர் மூண்டு எல்லாம் அழிந்துபோகிறது. அமெரிக்காவில் ஜெர்மன் வடிவம் இரண்டாம் இடம் வரை போனது. இங்கே ஆங்கில வடிவம் மூன்று வாரம் முதலிடம். அந்த மூன்று வாரத்துக்குள்தான் யார்க்ஷையரில் வேலைநிறுத்தம் தொடங்கிச் சுரங்கங்கள் நின்றன. மார்ச் 6 அன்று நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களை மூடப்போவதாக, 20,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவித்தது. "அப்பா அந்த வாரம் கீழே இறங்கவில்லை. அப்புறம் ஒரு வருஷம் இறங்கவே இல்லை," என்றார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

லயனல் ரிச்சியின் 'ஹலோ'. ஆறு வாரம். பார்வையற்ற மாணவி களிமண்ணில் அவர் முகத்தைச் செய்யும் வீடியோ எல்லோருக்கும் தெரியும். நல்ல குரல். இரண்டு முறை கேட்டேன், போதும்.

ஜூன் 2, ஞாயிறு

டுரான் டுரானின் 'த ரிஃப்ளெக்ஸ்' நான்கு வாரம் இருந்துவிட்டுப் போயிற்று. ஆல்பத்தில் சுமாராக இருந்த பாட்டு. நைல் ராட்ஜர்ஸ் அதைப் பிரித்து மறுபடி கோத்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் கலவைக்காரரின் கை என்ன செய்யும் என்று புரிகிறது.

இப்போது வாம்! குழுவின் 'வேக் மி அப் பிஃபோர் யூ கோ-கோ'. காதரின் ஹாம்னெட்டின் 'சூஸ் லைஃப்' என்று பெரிதாக எழுதிய வெள்ளை டீ-ஷர்ட். தேய்ந்துபோன தட்டு, ஆனாலும் வீடே வெளிச்சமானது. பாத்திரம் கழுவிக்கொண்டே மூன்று தடவை போட்டேன்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஆர்க்ரீவ் போனேன். ஷெஃபீல்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான்.

1984 ஜூன் 16 தேதியிட்ட பட்டியலில் ஃப்ராங்கியின் 'டூ ட்ரைப்ஸ்' நேராக முதலிடத்திலேயே நுழைந்தது. ஒன்பது வாரம் அசையவில்லை. இரண்டு வல்லரசுகள் மோதினால் என்ன ஆகும் என்பதுதான் பாட்டு. காட்லியும் க்ரீமும் எடுத்த வீடியோவில் ரேகனைப் போலவும் செர்னென்கோவைப் போலவும் இருக்கும் இருவர் வட்டத்துக்குள் கட்டிப் புரள்கிறார்கள். 12 அங்குலத் தட்டில் நடிகர் பாட்ரிக் ஆலனின் குரல் வரும். அணுகுண்டு விழுந்தால் வீட்டில் என்ன செய்யவேண்டும் என்று சொல்வதற்காக அரசாங்கம் தயாரித்து வைத்திருந்த படங்களுக்குக் குரல் கொடுத்தவரே அவர்தான். அதே தொனியில் தட்டிலும் பேசுகிறார், செத்தவர்களை எப்படிச் சுற்றி வைப்பது என்று. ஆடுவதற்காக வாங்கிய தட்டில் அந்தக் குரல்.

ஜூன் 18 திங்கட்கிழமை, நிலக்கரியிலிருந்து கோக் என்ற எரிபொருளைத் தயாரிக்க இங்கே இருந்த ஆலைக்கு முன்னால் மறியலுக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் கூடினார்கள். அந்தப் பக்கமும் ஆயிரக்கணக்கில் போலீஸ். வெயில் நாள், பலர் சட்டைகூட இல்லாமல் நின்றார்கள். குதிரைப்படை பாய்ந்தது. பிறகு 95 பேர் மேல் கலவர வழக்கு உள்ளிட்ட வழக்குகள் போட்டார்கள். அடுத்த வருடம் நீதிமன்றத்தில் அந்த வழக்கு நிற்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் வேவர்லி என்று புது வீடுகள். ஒரு ஏரி, வாத்துகள், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கும் பெற்றோர்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு 'டூ ட்ரைப்ஸ்' கேட்டேன். ரஷ்யாவையும் அமெரிக்காவையும் பற்றிய பாட்டுதான். ஆனால் தலைப்பின் அர்த்தம் 'இரண்டு கூட்டங்கள்'. அன்று இந்த மண்ணில் எதிரெதிரே நின்ற இரண்டு வரிசைகளைத் தவிர வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

'டூ ட்ரைப்ஸ்' முதலிடத்தில் இருக்கும்போதே 'ரிலாக்ஸ்' திரும்ப ஏறி வந்து இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தது. முதல் இரண்டும் ஒரே குழுவுக்கு. புதுப்புது கலவைகளாகப் போட்டுக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். ஒரே ஆள் ஒரே பாட்டை மூன்று விதமாக வாங்கினார்கள் என்கிறார் எதிர்வீட்டு அம்மா.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

'கேர்லெஸ் விஸ்பர்'. ஜார்ஜ் மைக்கேல் தனியாக வெளியிட்ட முதல் பாட்டு, ஆண்ட்ரூ ரிட்ஜ்லியுடன் சேர்ந்து பதின்வயதில் எழுதியது. அந்த சாக்ஸஃபோன் துண்டுக்காக ஆள் மாற்றி ஆள் முயன்று, கடைசியில் ஸ்டீவ் கிரெகரி வாசித்ததுதான் தட்டில் இருப்பது. எத்தனை கல்யாண வரவேற்பில் கேட்டிருப்போம். இன்று தட்டில் கேட்டபோதுதான் ஒன்று கவனித்தேன்: வாசிப்பின் நடுவே மூச்சு எடுக்க இடமே இல்லை. வார்த்தை வருவதற்கு முன்பே அந்த மூச்சுமுட்டல் பாட்டின் குற்ற உணர்வைச் சொல்லிவிடுகிறது. ஒன்பது வார அணுகுண்டுப் பாட்டை இறக்கியது, துரோகம் செய்த காதலன் ஒருவனின் வருத்தம்.

செப்டம்பர் 23, திங்கள்

ஸ்டீவி வொண்டரின் 'ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ' மட்டும் எனக்குக் கிடைக்காமலே இருந்தது. பிரிட்டனில் மோடவுன் நிறுவனத்தின் தட்டுகளிலேயே அதிகம் விற்ற பாட்டு, ஆறு வாரம் முதலிடம், ஆனால் நான் போன கடைகளில் இல்லை. நேற்று மாலை எதிர்வீட்டு அம்மா ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே முப்பது நாற்பது தட்டுகள். அதில் இது இருந்தது.

தன் அம்மாவின் பிறந்தநாளுக்கு அவர் வாங்கியது. வேலைநிறுத்தத்தின் ஏழாவது மாதம். வீட்டுக்குள் வந்த சம்பளம் என்று சொன்னால் இவருடைய சனிக்கிழமைக் கூலி மட்டும். தட்டின் நடுவே ஒட்டிய தாளில் நீல பால்பாயிண்டில் ஒரு சின்ன பெருக்கல் குறி. ஊர்க் கூடத்தில் பெண்கள் சேர்ந்து சமையல் நடத்தினார்கள், அங்கே இசைத்தட்டுகள் கலந்துபோகாமல் இருக்க அவருடைய அம்மா போட்ட அடையாளமாம். முதல் பத்து விநாடி கீறல். பிறகு தெளிவாக ஓடியது. இந்தப் பாட்டைச் சலிப்பானது என்று விமர்சகர்கள் தள்ளுவதைப் படித்திருக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

சரியாக நாற்பது வருடம் முன்பு இதே தேதியில், இந்தப் பாட்டு முதலிடத்தில் இருந்த ஞாயிற்றுக்கிழமை இரவு, பிபிசி 'த்ரெட்ஸ்' படத்தைக் காட்டியது. அணுகுண்டு விழுவது இதே ஷெஃபீல்டில். எழுதியவர் பார்ன்ஸ்லி பக்கத்துக்காரரான பேரி ஹைன்ஸ். மறுநாள் காலை பஸ்ஸில் யாரும் பேசவில்லை என்றார் எதிர்வீட்டு அம்மா.

நவம்பர் 10, ஞாயிறு

வாம்!-இன் 'ஃப்ரீடம்' மூன்று வாரம். இப்போது சாகா கானின் 'ஐ ஃபீல் ஃபார் யூ'. எழுதியவர் பிரின்ஸ், ராப் பாடியவர் மெல்லி மெல், ஹார்மோனிகா வாசித்தவர் போன மாதம்வரை முதலிடத்தில் இருந்த அதே ஸ்டீவி வொண்டர். தொடக்கத்தில் சாகா கானின் பெயர் திக்கித் திக்கி வருமே, அது தயாரிப்பாளர் ஆரிஃப் மார்டினின் கை தவறி மெஷினில் நேர்ந்தது. கேட்க நன்றாக இருக்கிறதென்று அப்படியே விட்டுவிட்டார். பதினைந்தில் எனக்கு மிகப் பிடித்த பாட்டு இதுதான்.

நவம்பர் 25, திங்கள்

1984 அக்டோபர் 23 அன்று எத்தியோப்பியாவின் கோரெமிலிருந்து நிருபர் மைக்கேல் பூர்க் பஞ்சத்தைப் பற்றி அனுப்பிய செய்தி பிபிசியில் வந்தது. ஒரு மாதம் கழித்து நவம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, லண்டன் நாட்டிங் ஹில்லில் ட்ரெவர் ஹார்ன் இலவசமாகக் கொடுத்த ஸ்டுடியோவில், பாடகர்கள் பாப் கெல்டாஃபும் மிட்ஜ் யூரும் பஞ்ச நிவாரணத்துக்காக, பேண்ட் எய்ட் என்ற பெயரில், அந்த வருடத்துப் பட்டியலில் பாதியைக் கூட்டி வைத்துப் பாடவைத்தார்கள். 'டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?' முதல் வாரத்திலேயே பத்து லட்சம் விற்றது. 1997 வரை பிரிட்டனில் அதிகம் விற்ற சிங்கிள் அதுதான்.

அதற்கு முன் ஒரே வாரம் முதலிடத்தில் இருந்த ஜிம் டயமண்டைச் சொல்லவேண்டும். வெகுநாள் உழைப்புக்குப் பிறகு கிடைத்த முதலிடம். அடுத்த வாரம் என் தட்டை வாங்காதீர்கள், பேண்ட் எய்டை வாங்குங்கள் என்று கேட்டுக்கொண்டார். அவருக்குப் பின் ஒரு வாரம் ஃப்ராங்கியின் 'த பவர் ஆஃப் லவ்'. முதல் மூன்று சிங்கிளும் முதலிடம். அவர்களுக்கு முன் அதைச் செய்ததும் ஒரு லிவர்பூல் குழுதான், 1963-இல் கெரி அண்ட் த பேஸ்மேக்கர்ஸ்.

இன்று நாற்பதாம் ஆண்டுக்குப் புதுக் கலவை வெளியிட்டிருக்கிறார்கள். தன் குரலைச் சேர்க்க அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று எட் ஷீரன் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது எனக்குப் புரிகிறது. மழையே இல்லாத, ஆறே ஓடாத நிலமாக ஒரு கண்டத்தையே அந்தப் பாட்டு காட்டுகிறது. நீல நைல் புறப்படுவதே எத்தியோப்பியாவின் தானா ஏரியிலிருந்து. கிறிஸ்துமஸ் தெரியுமா என்று கேட்கப்பட்ட அந்த நாடு, நான்காம் நூற்றாண்டிலிருந்து கிறிஸ்தவ நாடு. ஜனவரி 7 அன்று கொண்டாடுகிறார்கள். வரிகள் தவறு. கொடுத்த கைகளைப் பற்றி எனக்கு வேறு மாதிரிதான் தோன்றுகிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

பிஸ்கட் டின்னில் பேண்ட் எய்ட் தட்டும் இருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்த பொம்மைகள் பிரான்ஸ் தொழிற்சங்கக்காரர்கள் அனுப்பியவை. எதிர்வீட்டு அம்மாவின் அப்பா காலணியில் அட்டை வைத்து நடந்துகொண்டிருந்தார். அவர்தான் காசை எடுத்துக் கொடுத்து, "நமக்கு ஒரு வேளை சூப்பாவது இருக்கு, போய் வாங்கிட்டு வா," என்றாராம்.

டிசம்பர் 20, வெள்ளி

1984 கிறிஸ்துமஸில் இரண்டாம் இடத்தில் நின்றது வாம்!-இன் 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்'. முதலிடத்துப் பாட்டிலும் ஜார்ஜ் மைக்கேல் பாடியிருந்தார், இரண்டாம் இடத்துக்குக் கிடைத்த உரிமைத் தொகையையும் எத்தியோப்பியாவுக்கே கொடுத்தார்கள். முதலிடம் வராமலே பத்து லட்சத்தைத் தாண்டிய பாட்டு அது. கடைசியில் 2021 ஜனவரி 1 அன்றுதான் ஏறியது, 36 வருடம் கழித்து. அதைப் பார்க்க அவர் இல்லை. 2016 கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

இன்று மாலை இந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் முதலிடத்தை அறிவித்தார்கள். 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்', தொடர்ந்து இரண்டாவது வருடமாக.

என் அலமாரியில் பதினாறாவதாக அந்தத் தட்டையும் வாங்கி வைத்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் தட்டை எடுத்து விளிம்பில் ஊதி, திருப்பிப் போட்டார். மறுபக்கம் 'எவ்ரிதிங் ஷி வான்ட்ஸ்'.

"கடையில் நாங்கள் இந்தப் பக்கத்தைத்தான் போடுவோம் கண்ணு," என்றார். ஊசியை அவரே வைத்தார்.