எம்ஜிபி ரோட்ஸ்டர்: வெல்டிங் முடிந்தது, இன்ஜின் ஓடுகிறது

நான் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் எம்ஜிபி, அதாவது எம்ஜி கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இப்போது தன் சொந்தச் சக்கரங்களில் நிற்கிறது. இரண்டு பக்கமும் வெல்டிங் முடிந்து, பெயின்ட் ஆகி, இன்ஜினையும் ஏற்றி ஸ்டார்ட் செய்தாயிற்று. வயரிங் கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். சீட், கார்ப்பெட், துணிக்கூரை இவைதான் பாக்கி. இதுவரை நடந்ததை விவரமாக எழுதி வைக்கிறேன். இங்கிலாந்திலேயே இருந்தாலும் சரி, வேறு எங்கிருந்தாலும் சரி, பழைய எம்ஜிபி வாங்கலாமா என்று யோசிக்கிற தமிழர்களுக்கு இது பயன்படும்.

முதலில் வண்டி எது என்று சொல்லிவிடுகிறேன். 1966 மாடல், வலதுபக்க ஸ்டியரிங், இங்கிலாந்தில் விற்க என்றே செய்யப்பட்டது. பானட்டைத் திறந்தால் தெரியும் தகட்டில் எண்ணுக்கு முன்னால் ஜிஹெச்என்3 என்று இருக்கும். ஜி என்றால் எம்ஜி, ஹெச் என்பது இன்ஜின் அளவின் வகை, என் என்றால் இரண்டு சீட் திறந்த கார். மூடிய ஜிடி வண்டியாக இருந்தால் என் இருக்கும் இடத்தில் டி இருக்கும். இன்ஜின் எண் 18ஜிபி என்று தொடங்குகிறது. இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் பணத்தை எடுத்தேன். எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி, மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் கழற்ற ஆரம்பித்தால் வருஷத்துக்கு வருஷம் வேறு வண்டி. எந்த வருஷம் எது மாறியது என்று தெரியாமல் ஒரு பாகத்தைக்கூட ஆர்டர் செய்ய முடியாது.

என் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் வந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்தான். 1964 கடைசியில் அது ஐந்தானது, அதுதான் 18ஜிபி. 1965இல் கதவின் இழுக்கும் கைப்பிடி போய், பொத்தானை அழுத்தித் திறக்கும் கைப்பிடி வந்தது. என் வண்டியில் இரண்டுமே புது வகைதான். ஆனால் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ், அதாவது ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு, கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். கரன்ட் தருவது ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு எர்த் ஆகியிருக்கும். 1967இல் மார்க் 2 என்ற அடுத்த பதிப்பு வந்தபோது இந்த மூன்றும் மாறிவிட்டன. ஆக என்னுடையது ஐந்து பேரிங்கின் பலமும் பழைய குணமும் ஒன்றாக இருக்கிற ஒரு சின்ன இடைவெளியில் பிறந்தது. எம்ஜிபியிலேயே சிறந்தது இந்த மூன்று வருஷத்து வண்டிகள்தான் என்பது என் கட்சி.

வாங்கும்போது வண்டி சிவப்பு. டேஷ்போர்டைக் கழற்றியதும் ஹீட்டருக்குப் பின்னால், ஸ்ப்ரே கன் எட்டாத மூலையில், வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதினால், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து வண்டிக்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். அதில் நிறம் ஓல்ட் இங்கிலிஷ் ஒயிட் என்று வந்தது. சரி, அப்படியே வெள்ளைக்குத் திருப்பிவிட்டேன். சிவப்பு அழகுதான். ஆனால் அது இந்த வண்டியின் நிறம் இல்லை.

இனி முக்கியமான விஷயம், துரு. எம்ஜிபிக்கு முன்னால் இருந்த எம்ஜிஏவுக்குத் தனி சேசிஸ் உண்டு, பாடி அதன்மேல் உட்காரும். எம்ஜிபியை உருவாக்கிய தலைமை இன்ஜினீயர் சிட் எனவர் அந்தத் தனி சேசிஸை விட்டுவிட்டு, பாடியையே எலும்புக்கூடாக ஆக்கினார். உருவத்தை வரைந்தவர் டான் ஹேட்டர். எம்ஜிஏவைவிட நீளம் குறைந்தது, உள்ளே இடம் கூடியது. ஆனால் திறந்த காருக்கு மேலே கூரை என்கிற பலம் கிடையாதே. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பிடிப்பது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம்தான். இங்கே அதை சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு குறுக்குத் தகடு, அடியில் கோட்டை மதில் மாதிரி வளைந்த ஒரு சட்டம் என்று நாலு தகடு சேர்ந்தது இந்தப் பெட்டி. முன்சக்கரம் வாரி அடிக்கும் சேறும் குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் முன் ஃபெண்டருக்குள் தங்கி, அங்கிருந்து இந்தப் பெட்டியின் வாய்க்குள் இறங்கும். துரு உள்ளிருந்து தொடங்குவதால் வெளியே தெரியும்போது உள்தகடு ஏற்கெனவே போயிருக்கும்.

என் வண்டியிலும் அதே கதைதான். வெளித்தகடு பளபளவென்று இருந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் பாதி இடத்தில் ஒட்டவில்லை, எல்லாம் ஓட்டையை மறைத்த பட்டிப் பூச்சு. வெட்டி எடுத்தபோது உள்தகட்டின் முன்முனை கையோடு செதில் செதிலாக உதிர்ந்தது. நடுத்தகட்டில் சீப்பின் பற்கள் மாதிரி கொஞ்சம் மட்டும் மிச்சம். முன்பு யாரோ பழைய துருவை எடுக்காமல் அதன்மேலேயே புதுத் தகட்டை மூடி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். எம்ஜிபி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெயின்டைப் பார்க்காதீர்கள், இன்ஜின் சத்தத்தைக் கேட்காதீர்கள், முதலில் முட்டி போட்டு இந்தப் பெட்டியைப் பாருங்கள். கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் இடையே உள்ள இடைவெளி மேலே குறுகியும் கீழே அகலமாகவும் இருந்தால், அல்லது ஜாக்கியில் தூக்கும்போது அந்த இடைவெளி மாறினால், பெட்டி போய்விட்டது என்று அர்த்தம்.

வேலை செய்யும் முறையையும் சொல்கிறேன். வெட்டுவதற்கு முன்னால் கதவு இருக்கும் வாயில் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து பாடியைப் பூட்டிவிட வேண்டும். ஒரு பக்கம் முழுவதும் முடிந்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். புதுத் தகட்டை முதலில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கதவைத் திரும்ப மாட்டி, இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் வெல்டிங். தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் செய்தார்கள். வீட்டில் அதற்கு ஈடாக, மேல் தகட்டில் வரிசையாகத் துளை போட்டு, மிக் (MIG) வெல்டிங்கால் அந்தத் துளைகளை நிரப்பிக் கீழ்த்தகட்டோடு பிடிக்க வைக்கலாம். கதவை மாட்டுவது, கழற்றுவது, மறுபடி மாட்டுவது என்று இதில்தான் அதிக நேரம் போனது. ஒவ்வொரு நிமிஷமும் தகும். இப்போது கதவைச் சாத்தினால் இரண்டாவது முறை இழுக்க வேண்டியதில்லை, ஒரே க்ளிக்.

கையில் இருக்கும் பாடி இதைவிட மோசமாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய தொழிற்சாலை அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988இலிருந்து எம்ஜிபிக்கு முழுப் பாடியையே புதிதாக அடித்துத் தர ஆரம்பித்தது. உற்பத்தி நின்ற காருக்கு இப்படிப் புதுப் பாடி கிடைப்பது சாதாரண விஷயமில்லை. 1992இல் ரோவர் கம்பெனி வி8 இன்ஜின் வைத்து எம்ஜி ஆர்வி8 என்ற காரைக் கொண்டுவந்ததற்கும் இந்தப் பாடிதான் அடித்தளம். விலை அதிகம் என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் வண்டியில் சில்லும் தரையின் ஓரங்களும் பேட்டரிப் பெட்டியும் தவிர மற்றதெல்லாம் திடமாகவே இருந்தன.

இன்ஜினுக்கு வருவோம். எம்ஜிபியில் இருப்பது, அப்போது எம்ஜியைக் கையில் வைத்திருந்த பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ், 1798 சிசி. இந்தக் குடும்பத்தை நம்மில் பலருக்குப் பெயர் தெரியாமலே தெரியும். அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் பி சீரிஸ்தான். 1955இல் வந்த முதல் எம்ஜிஏவிலும் அதே 1489. அதில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மில்லிமீட்டர். எம்ஜிபியிலும் அதே 88.9. சிலிண்டரின் அகலத்தை 73 மில்லிமீட்டரிலிருந்து 80க்குக் கொண்டுபோனதில்தான் 1798 வந்தது.

அப்பா மதுரையில் நெடுநாள் அம்பாசடர் வைத்திருந்தவர். இன்ஜின் முதன்முதலாக ஓடியதும் வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் வந்தது. "டேய், இது நம்ம வண்டி சத்தம்டா" என்றார். பிறகு கொஞ்சம் கவனித்துக் கேட்டுவிட்டு, "டேப்பெட் சத்தம் லேசா கேக்கணும். சத்தமே இல்லன்னாதான் பயப்படணும், வால்வு கருகிடும்" என்றார். அது சரிதான். டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளி, இறுகிப்போனால் வால்வு முழுசாக உட்காராது, வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஓரம் எரிந்துபோகும். எம்ஜிபிக்கு இன்ஜின் ஆறியிருக்கும்போது 15 தௌ, அதாவது 0.015 அங்குலம். ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து நகர வேண்டும்.

சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடினமான உலோகத்துக்கு மாற்றிவிட்டேன். அந்தக் காலத்து பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தை போலப் பாதுகாப்பு தந்தது. பிரிட்டனில் 1999 முடிவோடு அந்தப் பெட்ரோல் சாதாரண விற்பனையிலிருந்து போய்விட்டது. 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பங்கில் வருவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10. பழைய ரப்பர் குழாய்களை அது அரித்துவிடும். அதனால் பெட்ரோல் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குகிற வகை. இருந்தாலும் நான் ஊற்றப் போவது எத்தனால் 5 சதவீதத்துக்கு மேல் போகாத இ5 சூப்பர்தான்.

கார்புரேட்டர் இரண்டு, எஸ்யூ கம்பெனியின் ஹெச்எஸ்4 வகை. இதைப்போல எளிமையான, அறிவுள்ள ஒரு பொருளை நான் வேறு எந்த இன்ஜினிலும் பார்த்ததில்லை. உள்ளே ஒரு பிஸ்டன், அதன் அடியில் கூம்பாகக் குறுகும் ஒரு ஊசி, ஊசி இறங்கி நிற்கும் ஒரு ஜெட். இன்ஜின் காற்றை உறிஞ்ச உறிஞ்ச பிஸ்டன் மேலே ஏறும், ஊசியின் மெல்லிய பகுதி ஜெட்டுக்கு வரும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். அவ்வளவுதான். கலவை சரியா என்று பார்க்க மெஷின் தேவையில்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசிப் பொத்தானை அழுத்தி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறி அணைந்தால் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்பதை ஒரு ரப்பர் குழாயைக் காதில் வைத்து, மறுமுனையை மாறி மாறி இரண்டு வாயிலும் காட்டி, ‘ஸ்ஸ்’ சத்தத்தை ஒப்பிட்டே சரிசெய்தேன்.

வயரிங் லூக்காஸ் என்ற மின்பாகக் கம்பெனியுடையது. லூக்காஸ் என்றாலே இங்கே பலர் தலையில் அடித்துக்கொள்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நிறங்களைப் படித்துக்கொண்டால் இதைவிடத் தெளிவான வயரிங் கிடையாது. பழுப்பு என்றால் எப்போதும் கரன்ட் இருக்கும். வெள்ளை சாவி போட்டபின் வருவது. பச்சை அதே கரன்ட், ஃப்யூஸ் வழியாக. கறுப்பு எர்த். பெரும்பாலான கோளாறு எர்த் முனையில் துரு படிவதால் வருவது, கம்பெனியின் குற்றமில்லை. ஒவ்வொரு எர்த் இடத்தையும் வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து, வாஸ்லின் தடவி இறுக்கினேன். சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரி, பழையபடியே. பாசிட்டிவ் எர்த்தையும் மாற்றவில்லை. சாவியைத் திருப்பினால் பின்சக்கரத்துப் பக்கத்திலிருந்து எஸ்யூ பெட்ரோல் பம்ப் ‘டிக் டிக் டிக்’ என்று வேகமாகத் தட்டி, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிடுகிறது. நிற்காமல் தட்டிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது, இல்லை டேங்க் காலி.

எம்ஜிபியின் பிந்தைய வரலாற்றை நினைத்தால் மனசு கனக்கிறது. 1966இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தளத்தில் 84 மணி நேரம் ஓடிய மாரத்தான் போட்டியை ஆண்ட்ரூ ஹெட்ஜஸும் ஜூலியன் வெர்னேவும் எம்ஜிபியில்தான் வென்றார்கள். எட்டே வருஷத்தில், 1974 செப்டம்பரில், அமெரிக்கச் சட்டத்துக்காக குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. பம்பர் உயரம் சேர வேண்டும் என்பதற்காக வண்டியையே ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். வளைவில் சாயாத கார் சாய ஆரம்பித்தது. 1979 செப்டம்பரில், எம்ஜி தொழிற்சாலை அபிங்டன் ஊருக்கு வந்ததன் பொன்விழாவைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டம் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை, தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவிப்பு. 1980 அக்டோபரில் கடைசி எம்ஜிபி வெளியே வந்தது. நான் இருப்பது அந்த அபிங்டன் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில்தான். அந்த மனிதர்கள் கைவைத்த வண்டியை அரைகுறையாக முடிக்க எனக்கு மனசு வராது.

அடுத்த வேலைகள். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங் பின்களுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும், இதை விட்டால் எம்ஜிபியின் ஸ்டியரிங் கல்லாகிவிடும். 40 வருஷம் தாண்டிய வண்டிக்கு இங்கே எம்ஓடி என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவேன். வெல்டிங்கை இன்னொருவர் கண்ணும் பார்க்கட்டும். முதல் 500 மைல் மெதுவாக ஓட்டி, ஹெட் நட்டுகளைத் திரும்ப இறுக்கி, டேப்பெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும். துணிக்கூரை வினைல், வெயிலில்தான் இழுபடும், குளிரில் மாட்டினால் பொத்தான் துளைக்கு எட்டாது. அதற்கு ஜூன் மாதம் வரட்டும் என்று வைத்திருக்கிறேன். அதுவரை சீட் தோல் தைக்கிற வேலை ஓடும்.