கடல் மீன் தொட்டிக்குள் கையாலை கட்டாதீர்கள்

மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் கடல் மீன் தொட்டி வைக்கத் தொடங்குபவர்கள் செய்கிற முதல் தப்பு, பின்கண்ணாடியோடு ஒட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கல்லை அடுக்கிவிடுவது. அசல் புரையிடத்துக் கையாலைதான், அதாவது வீட்டு மனையைச் சுற்றிக் கல் அடுக்கிக் கட்டும் சுவர். முதல் வாரம் நிறைவாகத் தெரியும். பிறகு கல்லுக்குப் பின்னால் எச்சமும் மிச்சத் தீவனமும் சேறாகப் படிந்து, தண்ணீரைக் கெடுக்கும் நைட்ரேட் ஏறும். சுத்தம் செய்யக் கை நுழையாது.

முதலில் எந்தக் கல் என்று பார்ப்போம். மன்னார் வளைகுடாப் பவளப் பாறையைத் தொடவே வேண்டாம். பவளம் உயிரோடு இருந்தாலும் செத்துக் கிடந்தாலும், 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருவது. 'வீட்டுக்குத்தானே' என்று சொன்னால் யாரும் விடமாட்டார்கள். நம்மூர்க் கருங்கல்லில் துளை கிடையாது, அதனால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற உள்பரப்பும் இல்லை. கனம் மட்டும்தான் மிச்சம். வெட்டுகல் என்கிற செம்புரைக் கல்லில் இரும்புச் சத்து அதிகம், தண்ணீரில் கரைந்தும் உதிரும். மணவாளக்குறிச்சிக் கரையில் கறுப்பாய் மின்னுவது இல்மனைட், கார்னெட் எல்லாம் கலந்த கனிம மணல். அதுவும் வேண்டாம். வேண்டியது துளை நிறைந்த சுண்ணாம்புக் கல், கடையில் 'டிரை ராக்' என்று கேட்டால் தருவது. சந்தேகம் இருந்தால் மேலே ரெண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு 15 முதல் 18 கிலோ போதும். மூன்று நான்கு பெரிய கல்லும், மீதி கையளவுக் கல்லுமாக எடுங்கள். வாங்கியதைக் கழுவி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு வாரம் கழித்துப் பாஸ்பேட் பாருங்கள். 0.1 பிபிஎம்முக்கு மேல் காட்டினால் தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவைக்கவும். இங்கே அவசரப்பட்டால் பச்சைப் பாசி கல்லில் முடி மாதிரித் தொங்கும். அதைப் பிடுங்கியே பொழுது போகும்.

அடுக்கும் வேலை முழுவதும் தரையில்தான். தொட்டியின் அடியளவை, 120-க்கு 45 சென்டிமீட்டர், மாஸ்கிங் டேப்பால் தரையில் ஒட்டுங்கள். அதற்குள்ளே இன்னொரு கோடு: முன்னால் 10, பக்கங்களில் 8, பின்னால் 7 சென்டிமீட்டர் விட்டு. காந்தத் துடைப்பானும் கையும் போக அந்த இடம் வேண்டும். உள்கோட்டைத் தாண்டி ஒரு கல்லும் வரக்கூடாது. ஒரே குவியலாக இல்லாமல் பெரிது ஒன்று, சிறிது ஒன்று என ரெண்டு மேடு. நடுவே 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி, அதுவும் சரிநடுவில் வேண்டாம். உயரம் தொட்டியில் மூன்றில் ரெண்டு பங்கைத் தாண்டக்கூடாது. அதற்கு மேலே போனால் மீன் நீந்த இடமில்லை, தண்ணீரைத் தள்ளி ஓடவைக்கும் வேவ்மேக்கரின் ஓட்டமும் கல்லில் முட்டி நிற்கும்.

கையாலை கட்டுகிறவர் ஒரு கல்லை நாலு தரம் திருப்பிப் பார்த்த பிறகே வைப்பார். அந்தப் பழக்கம் மட்டும் இங்கே வேண்டும். ஒவ்வொரு கல்லும் மூன்று இடத்தில் உட்கார வேண்டும். பசை போடுவதற்கு முன்பே விரலால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் திருப்பி வையுங்கள், பசையை நம்பாதீர்கள். உட்கார்ந்த பிறகு ஜெல் சூப்பர் குளூ, அதன்மேல் மீன் தொட்டிக்கான எபாக்ஸி உருண்டை, மறுபடி சூப்பர் குளூ என்று மூன்று அடுக்காக வைத்து அழுத்துங்கள். பஞ்சில் குளூவை நனைத்துத் திணிக்கும் வித்தையும் உண்டு, ஆனால் பஞ்சு சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும். வளைவு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும் கல்லுக்கு 8 மில்லிமீட்டர் துளை போட்டு 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் கம்பி சொருகுங்கள். இரும்புக் கம்பி துருப்பிடிக்கும். செம்புக் கம்பி இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

ஒட்டும் முன் தொட்டியின் மேல்வாயை அளந்தீர்களா? விளிம்பில் ரெண்டு பக்கமும் 5 சென்டிமீட்டர் கண்ணாடிப் பட்டை, நடுவில் ஒரு குறுக்குப் பட்டை இருந்தால் 45 அகலத்தில் வாய் 35 தான், நீளமும் ரெண்டாகப் பிரிந்திருக்கும். தரையில் அழகாக ஒட்டிய மேடு உள்ளே போகாமல் உடைக்க வேண்டி வந்தால் அதைவிடச் சவம் பிடித்த வேலை வேறில்லை. பெரிய மேட்டை ரெண்டு துண்டாக விட்டு, உள்ளே வைத்த பிறகு இணையுங்கள்.

கல்லை மணலின்மேல் வைக்காதீர்கள். கோபி மீனும் பிஸ்டல் இறாலும் அடியில் தோண்டும். ஒரு ராத்திரியில் கல் சரிந்து கண்ணாடியில் மோதும். அடியில் பிளாஸ்டிக் கிரில் போட்டு, கல்லை அதன்மேல் நிறுத்தி, பிறகு மணல் கொட்டுங்கள்.

தண்ணீர் நிரப்பி வேவ்மேக்கரை ஓட்டி, ஒரு சிட்டிகைத் தூள் தீவனம் போட்டுக் கவனியுங்கள். எங்கே சேர்ந்து நிற்கிறதோ அங்கேதான் நாளைக்குச் சேறு. கல்லை அரை அங்குலம் நகர்த்தினாலே பல நேரம் சரியாகிவிடும். உப்பு வாங்கும்போதும் கவனம்: தொட்டிக் கணக்கு 243 லிட்டர் என்றாலும், விளிம்புவரை நிரப்பாமல் விடுவதும் கல்லும் மணலும் போகத் தண்ணீர் 200 லிட்டருக்குப் பக்கம்தான் நிற்கும். உப்புக்கும் மருந்துக்கும் அந்தக் கணக்கைப் பிடியுங்கள்.